முதலில் மனையை அளந்து பாருங்கள், அப்புறம் பிளான்

கேள்வி இதுதான். சென்னை மாநகராட்சியின் புறநகர்ப் பகுதியில் 1990களில் அப்பா வாங்கிப் போட்ட 30-க்கு 60 மனை. பத்திரம் இருக்கிறது, பட்டா அப்பா பேரில் இருக்கிறது. தரைத்தளமும் முதல் மாடியுமாக ஒரு வீடு கட்ட வேண்டும். "தை பிறந்ததும் பூமி பூஜை போட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம், அப்ரூவல் பின்னாலேயே வந்துவிடும்" என்கிறார் மேஸ்திரி. அப்படிச் செய்யலாமா? உண்மையில் விதி என்ன சொல்கிறது?

செய்யாதீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக வீட்டு பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அனுமதி இல்லாமல் குழி தோண்டிய வீடுகளில் பாதிக்கு மேல், பில்லர் எழும்பிய பிறகுதான் சிக்கலே தெரிய வந்தது. அந்த நேரத்தில் பிளானை வீட்டுக்கு ஏற்றபடி வரைய முடியாது. வீட்டை பிளானுக்கு ஏற்றபடி இடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் கட்டிட அனுமதிக்கு இப்போது நடப்பில் உள்ளது, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. இப்போது எல்லா ஊருக்கும் ஒரே புத்தகம். அதற்கு மேலே 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது.

சட்டப்படி பார்த்தால் இரண்டு அனுமதிகள் உண்டு. நிலத்தில் இன்ன பயன்பாட்டுக்கு இவ்வளவு கட்டலாம் என்பது திட்ட அனுமதி. அந்தக் கட்டிடத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று உள்ளாட்சி கொடுப்பது கட்டிட அனுமதி. பெரிய கட்டிடத்துக்கு முதலாவதைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ கொடுக்கும், அதை வைத்து மாநகராட்சியில் இரண்டாவதை வாங்க வேண்டும். உங்களுடையது போன்ற தனி வீட்டுக்கு சிஎம்டிஏவின் அதிகாரம் மாநகராட்சிக்கே ஒப்படைக்கப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடும். எழும்பூர் சிஎம்டிஏ அலுவலகத்துக்கு நீங்கள் போக வேண்டியதே இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் பிளானிலிருந்து தொடங்குகிறார்கள். பூஜை அறை எந்த மூலை, சமையலறை எந்தத் திசை என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். என் அனுபவத்தில் திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை வரைபடத்தால் திரும்புவதில்லை, நிலத்தின் காகிதங்களால்தான் திரும்புகின்றன. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மனை 1990களில் வாங்கியது என்கிறீர்கள். இப்போது மாநகராட்சிக்குள் இருக்கும் புறநகர்களில் பல, 2011-இல் எல்லையை விரித்தபோது சேர்ந்தவை. அதற்கு முன் அவை கிராமப் பஞ்சாயத்தாகவோ நகராட்சியாகவோ இருந்தன. அந்தக் காலத்தில் வயலை வாங்கி, கல் நட்டு, பஞ்சாயத்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று விற்ற லேஅவுட்கள் ஏராளம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. அது சிஎம்டிஏவுக்கோ நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கோ உரியது. ஆக, பத்திரமும் பட்டாவும் சுத்தமாக இருந்தாலும் மனை அனுமதி பெறாத மனையாக இருக்கலாம். பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும் காகிதம். அந்த நிலத்தை மனையாகப் பிரித்தது சரியா என்று அது சொல்லாது. படித்தவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாந்து போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது நினைவிருக்கும். அதன் பிறகு 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டுப் பதிவான மனைகளை, கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள அது வழி செய்தது. அதில் இரண்டு படி உண்டு. முதலில் அந்த லேஅவுட் முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வர வேண்டும், பிறகு ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குத் தனியாக உத்தரவு வாங்க வேண்டும். பக்கத்து மனைக்காரர் வாங்கியிருக்கிறார் என்றால் உங்களுக்கு முதல் படி முடிந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். நீர்நிலையிலும் புறம்போக்கிலும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்திலும் விழும் மனைகளுக்கு இந்த வழி கிடையாது. எனவே முதல் வேலையாக அப்பாவின் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தில் லேஅவுட் அனுமதி எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வீட்டு வேலையைத் தள்ளிவைத்து, மண்டல அலுவலகத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்தது பெயர். விண்ணப்பம் நில உரிமையாளர் பேரில்தான் போக வேண்டும். அப்பா இருக்கிறார் என்றால் அவர் பேரிலேயே போடலாம். வங்கிக் கடன் உங்கள் பேரில் வேண்டும் என்றால், தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்து பட்டாவையும் மாற்றிக்கொண்டு அப்புறம் போடுவது நல்லது. அப்பா காலமாகிவிட்டார் என்றால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், அல்லது மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அக்கா தங்கையை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் அனுமதியே செல்லாமல் போகலாம்.

மூன்றாவது, அளவு. பத்திரத்தில் 30-க்கு 60 என்று இருக்கும். நிலத்தில் அப்படி இருக்காது. எத்தனை மனைக்கு டேப் பிடித்திருக்கிறேன்! நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளந்தால்தான் மனை செவ்வகமாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்கு நான் போனபோது, பக்கத்துக்காரரின் காம்பவுண்டு சுவர் ஒன்றே முக்கால் அடி உள்ளே வந்திருந்தது. முப்பது அடி மனை இருபத்தெட்டே கால் அடியாகச் சுருங்கிவிட்டது. அவர்கள் ஏற்கெனவே வேறு ஒருவரிடம் பிளான் வாங்கிக் குழியும் தோண்டியிருந்தார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் அந்தச் சுவருக்குள் போயிருந்தது. பேசிப் பார்த்து, சர்வேயரைக் கூப்பிட்டு, கடைசியில் இரண்டு குடும்பங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முதலிலேயே அளந்திருந்தால் பிளானை அதற்கேற்ப மாற்றி வரைந்திருக்கலாம், அல்லது சுவர் விஷயத்தை அமைதியாகப் பேசி முடித்திருக்கலாம். எது குறைவோ அதுதான் கணக்கு. பத்திரம் 1,800 சதுர அடி சொல்லி, பட்டா 1,760 சொல்லி, நிலத்தில் 1,740 இருந்தால் 1,740-க்குத்தான் பிளான் போட வேண்டும். பட்டா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அரசு சர்வேயரை வைத்து அளக்க மனு கொடுத்துவிடுங்கள். நாள் ஆகும். அதனால்தான் இப்போதே கொடுங்கள் என்கிறேன்.

வில்லங்கச் சான்று, காலி மனை வரி ரசீது, லேஅவுட் வரைபட நகல், ஆதார் இவையெல்லாம் கூடவே வேண்டும். அவற்றில் பெரிய சிக்கல் வருவதில்லை.

இனி எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு. தளப் பரப்புக் குறியீடு என்பதை எல்லோரும் எஃப்எஸ்ஐ என்பார்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது அது. முன்பு ஒன்றரை மடங்காக இருந்தது, 2019 விதிகளில் இரண்டு மடங்காக உயர்ந்தது. உங்கள் 1,800 சதுர அடிக்கு 3,600 சதுர அடி வரை. இதைக் கேட்டதும் மேஸ்திரி "மனை முழுக்கக் கட்டலாம்" என்று சொல்லிவிடுவார். அது தப்பு. எஃப்எஸ்ஐ மொத்தப் பரப்பின் உச்சவரம்பு. தரையில் எவ்வளவு இடத்தை மூடலாம் என்பதைத் தீர்மானிப்பது செட்பேக், அதாவது சுற்றிலும் திறந்து விட வேண்டிய இடம். முன்பக்கத்தில் விடுவது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. குறுகலான தெருவாக இருந்தால் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி. சாலை அகலமானால் இதுவும் கூடும். பக்கவாட்டில் விடுவது மனையின் அகலத்தையும் கட்டிடத்தின் உயரத்தையும் பொறுத்தது. பழைய நகர்ப் பகுதிகளில் தொடர் கட்டிடப் பகுதி என்று அறிவித்த தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாம். அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு உங்கள் தெருவிலும் அப்படிக் கேட்க முடியாது. என் கணக்கில், உங்கள் மனையில் எல்லாப் பக்கமும் விட்டபிறகு ஏறக்குறைய 1,200 சதுர அடி மிஞ்சும். இரண்டு தளம் சேர்த்து 2,400. ஒரு குடும்பத்துக்குத் தாராளமான வீடுதான்.

சில பேர் செட்பேக்கை வீணாய்ப் போகும் இடமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காற்றும் வெளிச்சமும் வரும் வழி அது. மழைநீர்க் குழி போடவும் கழிவுநீர்க் குழாய் அடைத்தால் தோண்டவும் அந்த இடம்தான் வேண்டும். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்குச் சாரம் கட்டிப் பூச முடியாமல் வருடக்கணக்கில் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். சன்ஷேடு நீட்டிப் பக்கத்து மனையில் மழைத் தண்ணீர் விழுவதால் வரும் சண்டையைப் பற்றித் தனியாக எழுதலாம்.

உங்கள் அளவு வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்டு, தரைத்தளமோ தரைத்தளத்தோடு முதல் தளமோ கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, விதிப்படிதான் கட்டுவேன் என்று உறுதி கொடுத்து, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. கட்டிடம் பிளான்படி முடிந்தது என்று காட்டும் முடிவுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்தும் விலக்கு. வார்டு அலுவலகத்துக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில், இதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் 'உடனே கிடைக்கும்' என்பதை 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று புரிந்துகொள்ள வேண்டாம். முன்பு அதிகாரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். இப்போது நீங்கள் சொன்னதை நம்பிக் கொடுக்கிறார்கள். சொன்னது பொய்யானால் அனுமதி ரத்தாகும், பொறுப்பு உங்கள் தலையில் விழும். அனுமதி பெறாத மனையையோ நீர்நிலைக்கு ஒட்டிய மனையையோ இந்த வழியில் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

உயரத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுயசான்று முறை வந்தபோது உயர வரம்பு 7 மீட்டர். அடியில் சொன்னால் 23-க்கு ஒரு விரல் குறைவு. தளத்துக்குப் பத்தடி என்று இரண்டு தளம் இருபது அடி, தரை மட்டத்துக்கு மேல் எழுப்பும் பேஸ்மென்ட் இரண்டரை அடி, மொத்தம் இருபத்திரண்டரை. பொருந்திவிடும். தண்ணீர் நிற்கும் ஏரியா என்று பேஸ்மென்ட்டை நாலடிக்குத் தூக்கி, ஃபால்ஸ் சீலிங்குக்காகத் தளத்தைப் பத்தரை அடியாக்கினால் இருபத்தைந்து ஆகிவிடும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் படிக்கட்டுக்கு மேல் கட்டும் ஹெட்ரூமும் உயரக் கணக்கில் வராது. ஆனால் ஹெட்ரூமை ஒட்டி ஒரு அறை எழுப்பினால் அது இரண்டாவது மாடி. இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது திருத்துகிறது. நீங்கள் சமர்ப்பிக்கும் நாளில் இணையதளத்தில் எது இருக்கிறதோ அதுவே செல்லும். பிளான் போடுபவரிடம் அன்றைய விதியைக் காட்டச் சொல்லுங்கள். வரம்புக்குள் அடங்காவிட்டால் வழக்கமான முறையில் அதே இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். வரைபடத்தைச் சரிபார்த்து, இடத்தையும் வந்து பார்த்து, கட்டணம் கணக்கிட்டு அனுப்புவார்கள். நாள் கூடும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் பதிவு பெற்ற பொறியாளராகவோ ஆர்க்கிடெக்டாகவோ இருக்க வேண்டும். அவருடைய பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் ஒன்று: இணையதளத்தில் கணக்கை உங்கள் கைப்பேசி எண்ணில் திறந்துகொள்ளுங்கள். இடையில் இருப்பவர் தன் எண்ணில் திறந்துவிட்டால் அரசு என்ன கேட்டது, எவ்வளவு கட்டணம் போட்டது என்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. கட்டணத்தை நீங்களே இணையத்தில் செலுத்துங்கள், ரசீது உங்கள் பேரில் வரும். பொறியாளருக்கான சம்பளத்தைத் தனியாகப் பேசுங்கள். "எல்லாம் சேர்த்து ஒரு தொகை" என்று யாராவது சொன்னால் அதில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று ரசீதோடு கேளுங்கள். அரசுக் கட்டணத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குப் போகும் பங்கும் சேர்ந்திருக்கலாம். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சாரத்திலிருந்து விழுபவர்களின் குடும்பத்துக்குப் போகும் பணம் அது.

அனுமதி வந்துவிட்டது என்பதாலேயே கட்டிடம் பாதுகாப்பாகிவிடாது. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி மழையில் சரிந்த பதினோரு மாடிக் கட்டிடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டிடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதிக் காகிதம் செட்பேக்கையும் உயரத்தையும் பார்க்கும். கம்பி எத்தனை எம்எம், தூணுக்கு அடியில் போடும் ஃபுட்டிங் எவ்வளவு ஆழம் என்பதை உங்கள் கட்டமைப்புப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். உங்கள் பகுதி முன்பு ஏரிப் பாசன வயலாக இருந்திருந்தால், இரண்டு மாடி வீடுதானே என்று மண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். வீட்டுச் செலவில் அது மிகச் சிறிய தொகை.

வேலை தொடங்கியபின் அனுமதி எண்ணும் தேதியும் உரிமையாளர், பொறியாளர் பெயர்களும் எழுதிய பலகையை மனையின் முன் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு செட் பிளான் எப்போதும் சைட்டில் இருக்கட்டும். ஜல்லியும் மணலும் தெருவை அடைக்கக் கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், அதைக் கடைசியில் காசு மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

நடுவில் மாற்றம் செய்யத் தோன்றும். உள்சுவர் ஒன்றைத் தள்ளுவதில் பெரிய விஷயமில்லை. ஆனால் பால்கனியை மூடி அறையாக்குவது, செட்பேக்கில் வெளிப்படிக்கட்டு வைப்பது, மச்சினர் கேட்டார் என்று இன்னொரு மாடி எழுப்புவது எல்லாம் திருத்திய அனுமதி வாங்கிய பிறகே. அனுமதிக்கு மாறாகக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் நோட்டீஸ் கொடுக்கலாம், சீல் வைக்கலாம். "அபராதம் கட்டினால் சரியாகிவிடும்" என்று பேசுபவர்கள் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். அப்படி ஒரு முறைப்படுத்தும் சலுகை, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக வந்தது. இன்று கட்டும் வீட்டுக்கு அதை நம்ப முடியாது. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றமும் விதிமீறிய கட்டிடங்கள் பற்றிக் கடுமையான உத்தரவு போட்டது. முடிவுச் சான்றோ குடியேற்றச் சான்றோ பார்த்த பிறகே வங்கிகள் அந்தக் கட்டிடத்தின் மேல் கடன் கொடுக்க வேண்டும், மின்சாரமும் தண்ணீரும் அதன் பிறகே என்று அது சொல்கிறது. சிறிய வீட்டுக்கு முடிவுச் சான்றிதழில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு விற்கும்போது வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடிப்பார். அன்றைக்கு அந்த மூடிய பால்கனி கேள்வியாக வந்து நிற்கும்.

ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் இதே கேள்வியைக் கேட்பதுண்டு: பெயிண்ட், பூச்சு, டைல்ஸ் மாற்றுதல், ஜன்னல் கதவு மாற்றுதல் போன்ற பராமரிப்புக்கு அனுமதி தேவையில்லை. பரப்பு கூடினாலோ பில்லர், பீம் தொட்டாலோ, பழையதை இடித்துப் புதிதாகக் கட்டினாலோ தேவை.

உங்கள் மேஸ்திரியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆள் கையில் இருக்கும்போது வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர் பிழைப்பு. தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் பத்திரத்தில் லேஅவுட் எண்ணைப் பாருங்கள், அளக்க மனு கொடுங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள். அந்தக் காகிதங்கள் சரியாக இருந்தால், சுயசான்று வழியில் தைக்கு முன்பே அனுமதி கைக்கு வந்துவிடும். வராவிட்டாலும் நல்ல நாளில் பூமி பூஜை போடலாம், முள்ளை வெட்டலாம், நாலு மூலையிலும் கல் நடலாம். போர்வெல் போடுவதற்குத் தனி அனுமதி உண்டு, அதையும் கேட்டுக்கொண்டே போடுங்கள். ஃபுட்டிங் குழி மட்டும் அனுமதி எண்ணைப் பலகையில் எழுதிய பிறகு.